ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா உள்ளவர்கள் இருக்கும் கம்பெனியில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்கிறோம். மொத்தம் 45 பேர். இன்ஸ்பெக்‌ஷனில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் தனக்கு ஏடிஹெச்டி (கவனத்தைக் கட்டுப்படுத்துவதில் சிரமம்) இருப்பதாக டாக்டர் சொன்னதைத் தெரிவித்திருக்கிறார். ரப்பரை மோல்டில் அழுத்தி வேகவைக்கும் பிரஸ் மெஷினை ஓட்டும் ஒருவர் கைதேர்ந்தவர், ஆனால் எழுதவும் படிக்கவும் திணறுகிறார். மூவரையும் விட மனமில்லை. மற்றவர்களோ "அவங்களுக்கு மட்டும் என்ன சலுகை" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்:

வேலையை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் பாதி உத்தரவு வாயை விட்டு வெளியே வருவதே இல்லை. "கொஞ்சம் பாத்து செய்யப்பா", "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரு", "இது பரவால்ல, போகட்டும்", "அப்புறம் பாக்கலாம்". இவற்றின் பொருள் குரலிலும் முகத்திலும் பழக்கத்திலும் கிடக்கிறது. பத்து வருடம் கூடவே இருந்தவருக்கு விளங்கிவிடும். ஆட்டிசம் உள்ளவருக்குப் பெரும்பாலும் சொல்லின் நேர்ப்பொருள்தான் போய்ச் சேரும். ஏடிஹெச்டி உள்ளவருக்கு "அப்புறம்" என்று ஒரு நேரமே கிடையாது. படிக்கத் திணறுபவர் நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பக்கத்து ஆளைக் கேட்பார். மூவருக்கும் பொதுவாக நீங்கள் செய்யக்கூடியது, ஒளிந்து கிடக்கும் உத்தரவுகளை எழுத்தாகவும் படமாகவும் மாதிரிப் பொருளாகவும் வெளியே எடுத்து வைப்பதுதான். இதற்குப் பணம் அதிகம் ஆகாது. சூப்பர்வைசர்களின் வாய்ப்பழக்கம் மாற வேண்டும், சிக்கல் அங்கேதான்.

முதலில் இன்ஸ்பெக்‌ஷன் பையன். இந்த வேலைக்கு ஆட்டிசம் உள்ளவர்களை எடுக்கும்போது அவர்களுடைய கவனக் கூர்மையைச் சொல்லி எடுப்பார்கள். அதே கூர்மைதான் முதல் மாதச் சண்டைக்கும் காரணமாகும். "டிஃபெக்ட் இருந்தா ஒதுக்கு" என்று சொல்லியிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு புள்ளியையும் அவர் ஒதுக்கியிருப்பார். ரிஜெக்‌ஷன் திடீரென ஏறும், புரொடக்‌ஷன் ஆட்கள் கத்துவார்கள், சூப்பர்வைசர் "இதெல்லாம் ஓகேப்பா" என்று கூடையிலிருந்து அள்ளித் திரும்பப் போடுவார். எது ஓகே, எது இல்லை என்ற விதி அந்த நிமிடம் உடைந்துவிடுகிறது. அதன்பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் ஆள் தேடிப் போய்க் கேட்பார், அல்லது எதையும் முடிக்காமல் அப்படியே நிற்பார்.

தீர்வு லிமிட் சாம்பிள் பலகை. ஒவ்வொரு பார்ட்டுக்கும், ஒவ்வொரு குறைக்கும் (பிசிறு, காற்றுக் குமிழி, நிரம்பாத மோல்டு, கிழிசல்) இரண்டு நிஜத் துண்டுகளைப் பலகையில் கட்டுங்கள். ஒன்று ஏற்கத்தக்க குறையின் கடைசி எல்லை, இன்னொன்று தள்ள வேண்டியதன் தொடக்கம். குவாலிட்டி பொறுப்பாளர் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். ரப்பர் நாளாவட்டத்தில் நிறமும் கடினமும் மாறும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாம்பிளை மாற்றுங்கள். பச்சை, சிவப்புக் கூடைகளோடு மஞ்சள் கூடை ஒன்றும் வேண்டும். சந்தேகமானது அதில் போகும். அதை யார், எத்தனை மணிக்கு வந்து பார்ப்பார் என்பதும் கூடை மேலேயே எழுதியிருக்க வேண்டும், 11 மணி, 3 மணி என்று. அந்த ஆள் 3 மணிக்கு வராவிட்டால் மஞ்சள் கூடைக்கு அர்த்தமே இல்லை. முடிவைச் சொல்லும்போது "இது ஓகே" என்பதோடு நிறுத்தாமல் "பிசிறு அரை மில்லிக்குள்ள இருக்கு, அதனால ஓகே" என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், மஞ்சள் கூடை வாரா வாரம் காலியாகிக்கொண்டே வரும்.

நாளின் ஒழுங்கு அடுத்தது. முன்னறிவிப்பில்லாத மாற்றம்தான் அவரை அதிகம் குலைக்கும். பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போட்டிருப்பார்கள், டைம் ஆபீஸுக்கும் தெரியும், அவருக்கு மட்டும் காலையில் வந்த பிறகுதான் தெரியவரும். சித்திரைத் திருவிழா வாரத்தில் பஸ் சுற்றிப் போகும், கம்பெனி வண்டி ஏற்றும் இடம் மாறும். ஆயுத பூஜைக்கு மெஷினெல்லாம் கழுவி, மாலை போட்டு, வெடி வைத்து, மைக் செட்டோடு அரை நாள் போகும். அவருக்கென ஒரு வாரப் பலகை வையுங்கள்: எந்த நாள், எந்த லாட், எத்தனை மணிக்கு எங்கே, யாரிடம் கேட்பது. மாற்றம் முந்தின நாள் மாலை 4 மணிக்குள் அதில் ஏற வேண்டும். அன்றைக்கே மாறினால் பழையதை அடித்துப் புதியதை அவர் கண் முன்னால் எழுதுங்கள். வாயால் மட்டும் சொன்னால் பழைய அட்டவணை மனதில் அப்படியே நிற்கும். பூஜையின் எந்தப் பகுதிக்கு நிற்கலாம், எப்போது வெளியே போய்க்கொள்ளலாம் என்பதை முதல் நாளே பேசி வைத்தால் அவரும் வருவார். வராவிட்டால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள், அது அவருக்கு ஓய்வு. நம் ஊர் நக்கலும் இங்கே கவனிக்க வேண்டியது. "ஏப்பா, நீதான் இன்னிக்கு எம்.டி.யா?" என்பதை மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கடப்பார்கள், அவர் பதில் யோசித்துக்கொண்டிருப்பார். டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012-இல் எழுதியது இங்கே பொருந்தும்: புரிதல் இரண்டு பக்கமும்தான் அறுகிறது. அவருக்கு நம் குறிப்பு விளங்காத அளவுக்கு அவருடைய குறிப்பும் நமக்கு விளங்குவதில்லை.

சத்தம், வெளிச்சம், வாடை. கேட்கும் திறனைக் காக்க 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற எச்சரிக்கை எல்லை உண்டு. அதற்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். புலன் உணர்வு அதிகமுள்ளவருக்குத் திடீர்ச் சத்தமே பெரிய தொல்லை, டெசிபல் அடுத்த கணக்குதான். ஏர் கன்னின் சீறல், பேரிங் தேய்ந்த ஃபேனின் கிறீச்சு, கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவது இதெல்லாம் அதில் சேரும். போனில் டெசிபல் ஆப் போட்டு அவருடைய மேஜையிலும் கோடவுன் மூலையிலும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் மேஜையைப் பத்து அடி தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவர் வருகிற மாதிரி போட்டாலே தொல்லை ஓரளவு குறையும். காது மூடும் மஃப் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் வேர்வையில் ஊறிவிடும். கயிறு கோத்த சிலிக்கோன் அடைப்பான் தாங்கும், கழுவலாம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் வழியில் காதில் பாட்டு கேட்கும் ஹெட்போன் கூடாது. அங்கே சத்தத்தைக் குறைக்கலாம், முழுக்க மறைக்கக் கூடாது.

பழைய சோக் வைத்த டியூப் லைட் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. நமக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாக ஓடும். மலிவு எல்.இ.டி.யிலும் இது உண்டு, ஆகவே மாற்றும் முன் அதையும் இப்படியே சோதியுங்கள். ரப்பர் வேகும் வாடைக்குப் பிரஸ் பகுதியிலிருந்து காற்று வரும் திசையைப் பார்த்து மேஜையைப் போட வேண்டும். பாலியஸ்டர் யூனிஃபார்மின் காலர் லேபிள் உறுத்துகிறது என்றால் வெட்டி எடுங்கள், அதே நிறத்தில் காட்டன் சட்டை தைத்துக்கொள்ள விடுங்கள். பாதுகாப்பு ஷூவும் கண்ணாடியும் மட்டும் விலக்கு இல்லாதவை. அவற்றில் வேறு மாடல் தேடிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

இத்தனையும் செய்தும் ஒருநாள் எல்லாம் மீறிப் போகலாம். காதைப் பொத்துவார், முன்னும் பின்னும் ஆடுவார், கத்தலாம், பேச்சே நின்றுபோகலாம். அது அடமும் இல்லை, சாமி வந்ததும் இல்லை. மூளைக்குள் வந்து சேர்வது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். சுற்றி நிற்பவர்களை அனுப்புங்கள். தொடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரே ஆள் சற்றுத் தள்ளி நிற்கட்டும். அடங்க அரை மணியும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அன்று மீதி நேரத்துக்கு இலக்கு வைக்க வேண்டாம். இதற்கென ஒரு சின்ன அறை வேண்டும். செக்யூரிட்டி ரூம் சரிவராது, கம்ப்ரஸருக்குப் பக்கத்து ஸ்டோரும் சரிவராது. கதவு வெளியிலிருந்து பூட்ட முடியாததாக இருக்கட்டும். மறுநாள் "நேத்து ஏன் அப்படிப் பண்ண?" என்று கேட்பதைவிட, அதற்கு முன் இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஷிப்ட் மாற்றமோ, புது ஆளோ, ஓ.டி.யோ (கூடுதல் நேர வேலையோ) அதில் இருக்கும்.

வலிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது; வாயில் ஸ்பூன் திணித்தால் பல் உடையும். சுற்றியுள்ள பொருளை நகர்த்தி, தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. வலிப்பு வரும் ஒருவரைப் பிரஸ் பக்கம் போடுவது பற்றி டாக்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அக்கவுண்ட்ஸ் பெண்ணின் விஷயம் வேறு. ஏடிஹெச்டி என்றால் கவனமே இல்லை என்று பொருள் இல்லை. கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் திருப்புவது கடினம். வண்டி கிளம்ப நிற்கும்போது இ-வே பில்லை (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டை) மளமளவென்று போட்டுக் கொடுப்பார். பேங்க் ஒத்துப்பார்ப்பது மூன்று வாரமாகக் கிடக்கும். அவசரம் உள்ள வேலை அவரை இழுக்கிறது, தூரத்துத் தேதி இழுப்பதில்லை. ஆகவே தேதிகளைக் கிட்டே கொண்டு வாருங்கள். பிடித்த வரியான டி.டி.எஸ். கட்ட 7-ஆம் தேதி, மாதாமாதம் தாக்கல் என்றால் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, பி.எஃப்.புக்கும் இ.எஸ்.ஐ.க்கும் 15, ஜிஎஸ்டி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. இவை அரசாங்கத்தின் தேதிகள். கம்பெனிக்குள் ஒவ்வொன்றையும் துண்டாக்குங்கள்: சேல்ஸ் பில் சரிபார்ப்பு 5-ஆம் தேதி மதியம், விடுபட்ட எண்கள் பட்டியல் 6, நீங்கள் ஒருமுறை பார்ப்பது 8. ஒவ்வொரு துண்டுக்கும் முடிவில் ஒரு ஆள் காத்திருக்க வேண்டும், அந்த ஆள்தான் அவசரத்தை உண்டாக்குகிறார். 8-ஆம் தேதி நீங்கள் பார்க்காமல் விட்டால் அடுத்த மாதம் அந்தத் தேதிக்கு மதிப்பு இருக்காது.

இடைமறிப்பு அவருடைய பெரிய எதிரி. "அக்கா, ஒரு டிசி போட்டுக் குடுங்க" என்று, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான் கேட்டு, ஒரு நிமிட வேலைக்கு வருவார்கள். விட்ட இடத்துக்குத் திரும்ப அவருக்கு நெடுநேரம் ஆகும், சில நேரம் திரும்பவே மாட்டார். காலை 9:30 முதல் 11:30 வரை வாசலில் ஒரு தட்டு வைத்துச் சீட்டுப் போடச் சொல்லுங்கள். வண்டி நிற்கிற இ-வே பில் மட்டும் விதிவிலக்கு. போனை வேறொருவர் எடுக்கட்டும். பழைய வவுச்சர் அடுக்குவது போன்ற சலிப்பான வேலைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாலே இவர் வேலை நகரும். உதவியே செய்ய வேண்டாம், கூட இருந்தால் போதும். 25 நிமிட டைமர் சிலருக்கு உதவும், சிலருக்கு எரிச்சல் தரும், அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

மருந்து பற்றி யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் அட்டவணை எக்ஸ் மருந்து. தனி உரிமம் உள்ள மருந்துக் கடையில்தான் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் சீட்டு வேண்டும். மாதம் ஒருமுறை அரை நாள் இதற்கே போகலாம். அதை லீவில் கழிக்காதீர்கள், மருந்தின் பெயரையும் கேட்காதீர்கள்.

பிரஸ் ஆபரேட்டர் டிஸ்லெக்சியா (எழுதுவதிலும் படிப்பதிலும் உள்ள கற்றல் குறைபாடு) உள்ளவராக இருக்கலாம், சின்ன வயதில் படிப்பு கிடைக்காதவராகவும் இருக்கலாம். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ண-ன, ர-ற, ல-ள-ழ குழம்புவதால் உற்பத்தி கெடாது. 170 டிகிரி வைக்க வேண்டிய இடத்தில் 107 வைத்தால் லாட் முழுக்க வேகாமல் போகும். 69-ஐ 96 என்று எழுதினால் ஸ்டாக் பொய்யாகும். ஜாப் கார்டில் (வேலை விவர அட்டையில்) பார்ட்டின் படம், மோல்டின் வண்ணக் குறி, வெப்பநிலையையும் நேரத்தையும் பெரிய எண்ணில் போடுங்கள். பத்து இலக்கப் பார்ட் நம்பரை 4-3-3 ஆகப் பிரித்துக் கடைசி மூன்றைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள், நம் பார்ட்டுகள் பெரும்பாலும் கடைசியில்தான் வேறுபடும். எழுத்து அளவு 14, வரிக்கு நடுவே ஒன்றரை இடைவெளி. மெஷின் கவுண்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எண்ணிக்கை எழுதும் வேலையே இல்லை. விவரம் குரல் பதிவாகப் போகட்டும், ஆனால் 40 நொடிக்குள். மூன்று நிமிடக் குரல் பதிவில் எண் எங்கே இருக்கிறது என்று தேட முடியாது. எல்லார் முன்னாலும் சேஃப்டி உறுதிமொழியை வாசிக்கச் சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே திங்கட்கிழமை காலையில் லீவு போடுகிறவர்கள் உண்டு.

இனி "சலுகை" புகார். மற்றவர்கள் எதைச் சலுகை என்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். தெளிவான ஜாப் கார்டு, காது அடைப்பான், உட்கார ஸ்டூல், முன்கூட்டியே ஷிப்ட் தகவல். இதில் எதை மற்றவர்களுக்குத் தர முடியாது? எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள், புகாரில் முக்கால்வாசி அதோடு போகும். உட்காருவதைக்கூட ஒரு காலத்தில் சலுகை என்றுதான் பேசினார்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்திருத்தமே வந்தது, மாசி வீதித் துணிக்கடைகளுக்கும் அது பொருந்தும். மீதிக் கால்வாசிப் புகார் நியாயமாகவும் இருக்கலாம்: அவர் விட்ட வேலை இன்னொருவர் தலையில் விழுகிறதா என்று பாருங்கள். பையனுக்குத் துணையாளாக ஒருவரைப் போட்டிருந்தால் அவருடைய இலக்கில் தினம் அரை மணி நேரத்தைக் கழியுங்கள். துணையாள் இருவர் வேண்டும். ஒருவர் குலசாமி கும்பிட ஊருக்குப் போய்விட்டால் அன்று பையன் அனாதையாக நிற்கக் கூடாது.

யாருக்கு என்ன என்பதை அவர்கள் சம்மதமில்லாமல் யாருக்கும் சொல்லாதீர்கள். "இவருக்கு எழுதிக் கொடுத்தால் வேலை நன்றாக நடக்கும்" என்றால் போதும், அந்த நிலையின் பெயர் தேவையில்லை. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று பையனுக்குப் பொன்னாடை போர்த்தி ஃபேஸ்புக்கில் போடும் ஆசை வரும். அவரிடம் தனியாக, முந்தின வாரமே கேளுங்கள். தயங்கினால் வேண்டாம் என்று பொருள்.

சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் 21 வகைகள் உள்ளன. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஏடிஹெச்டிக்குத் தனி இடம் இல்லை. 20 பேரும் அதற்கு மேலும் உள்ள தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும்: என்னென்ன வசதி, எந்தெந்த வேலைகள் பொருந்தும், தேர்வும் பயிற்சியும் எப்படி, தொடர்பு அலுவலர் யார். நகல் மாநில ஆணையரிடம் பதிவாக வேண்டும். 45 பேர் என்பதால் இது உங்களுக்குக் கட்டாயம். தனியாருக்கு இட ஒதுக்கீடு கட்டாயமில்லை; 5 சதவீதம் எடுப்போருக்கு ஊக்கம் தர அரசு திட்டமிட வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு. குறைபாடு 40 சதவீதம் என்ற அரசுச் சான்று இருந்தால்தான் வசதி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கை எழுத்து முடங்கும் நோய் உள்ள தேர்வர் ஒருவருக்கு உதவி எழுத்தாளர் தர மறுத்த விகாஷ் குமார் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் அந்த 40 சதவீத வாதத்தை ஏற்கவில்லை. சான்று வேண்டுமென்றால் யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) தளத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், வழிகாட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அதற்காக ஜாப் கார்டை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பையனின் அப்பா தினமும் கேட்டில் வந்து நிற்கிறார் என்றால் அவருடைய பயம் புரியக்கூடியதே. ஆனாலும் வேலை பற்றிய பேச்சு முதலில் பையனிடம். சம்பளம் அவர் பெயரில் உள்ள கணக்குக்குப் போக வேண்டும். "சும்மா வந்துட்டுப் போகட்டும், சம்பளமே வேண்டாம்" என்று பெற்றோரே சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை வாங்கினால் குறைந்தபட்சக் கூலி உண்டு.

வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், பத்து நிமிடம் மூவரிடமும் தனித்தனியாக உட்காருங்கள். எது நடந்தது, எது தடுத்தது, அடுத்த வாரம் எதை மாற்றுகிறோம், இந்த மூன்றுதான் கேள்வி. பதிலை ஒரு நோட்டில் எழுதி அவருக்கும் படியோ குரல் பதிவோ கொடுங்கள். மூன்று மாதம் நன்றாக இருந்தவர் திடீரெனச் சரிந்தால் "நல்லாத்தானே இருந்தான்" என்று வியக்காதீர்கள். நாள் முழுக்க மற்றவர்கள் மாதிரி நடித்து நடித்து ஓய்ந்திருப்பார், முதலில் ஓ.டி.யை நிறுத்திப் பாருங்கள். நல்ல இன்ஸ்பெக்டர் என்பதற்காக அவரை சூப்பர்வைசர் ஆக்குவதும் இதே சரிவில் முடியலாம், சம்பளத்தை அதே வேலையில் ஏற்றலாம். மாற்றங்களை உண்மையாகச் செய்து ஆறு வாரம் பார்த்த பிறகும் ஓர் இடம் ஒத்துவரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்: இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து ஸ்டோர்ஸ் எண்ணிக்கைக்கு, பில்லிங்கிலிருந்து வசூல் போனுக்கு. அங்கேயும் நடக்கவில்லை என்றால் எல்லாருக்கும் உள்ள அதே விதிப்படி, அந்த நோட்டை முன்னால் வைத்துப் பேசுங்கள்.